வீட்டில் ஒருவருக்குச் சுகர்: கூட இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு டைப் 2 சர்க்கரை நோய் வந்து 16 வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடமாக இன்சுலின். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இருந்தது. அவளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கு நான் செய்த வேலைகள் எல்லாம் இன்றைக்கு என் மனைவி வழியாக எனக்கே திரும்பி வருகின்றன. தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது புதிதாகச் சுகர் என்று தெரிந்தால் என்னிடம் வந்து பேசிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை. மாத்திரை, ஊசி அளவை மாற்றுவதெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான். வீட்டுக்குள் நடப்பதைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும்.

நோய் அவருக்கு. குடும்பத்துக்கு இதில் என்ன வேலை?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வருடத்தில் மொத்தம் 8,760 மணி நேரம் இருக்கிறது. மிச்சமுள்ள 8,759 மணி நேரத்தில்தான் என்ன சாப்பிடுவது, எப்போது ஊசி போடுவது, நடக்கப் போவதா தூங்குவதா என்பதெல்லாம் முடிவாகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் உங்கள் முகம், குரல், பெருமூச்சு எல்லாம் அந்த முடிவுகளுக்குள் போய்ச் சேருகின்றன.

டான் 2 என்று ஒரு பெரிய ஆய்வு. 17 நாடுகளில் நடந்தது, முடிவுகள் 2013இல் வந்தன. சர்க்கரை நோய் உள்ளவர்கள், மருத்துவத் துறையினர் ஆகியோரோடு சுமார் 2,000 குடும்பத்தாரையும் அதில் கேட்டார்கள். ஏறக்குறைய 10இல் 6 பேர், சுகர் திடீரென்று இறங்கிவிடுமோ என்று ரொம்பக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் எப்படி உதவுவது என்றே தெரியவில்லை என்றார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பயம் நிறைய, வழி தெரியாது. அதட்டலும் கெஞ்சலும் கண்காணிப்பும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அக்கறையாகத்தான் சொல்கிறேன். அவருக்கு ஏன் அவ்வளவு எரிச்சல்?

வில்லியம் பொலோன்ஸ்கி என்ற உளவியலாளர் இதற்கு ‘சுகர் போலீஸ்’ என்ற பொருளில் ஒரு பெயரைப் பரப்பினார். கேட்டவுடனே புரிகிற பெயர். “இதைச் சாப்பிடலாமா நீ?” “இன்னிக்கு நடந்தியா?” “மாத்திரை போட்டியா இல்லையா, உண்மையைச் சொல்லு.” தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அன்பான கேள்விகள். ஒரு நாளைக்கு ஒன்பது தடவை கேட்டால் விசாரணை.

நானே அந்த வேலை பார்த்தவன். அம்மா தூங்கியபின் அவளுடைய குளுக்கோமீட்டரை எடுத்து, பட்டனை அமுக்கி அமுக்கிப் பழைய அளவுகளைப் பார்ப்பேன். காலையில் அவள் “140 இருந்துச்சுப்பா” என்று சொன்னது மெமரியில் 214 என்று இருக்கும். பிடித்துவிட்டேன் என்று ஒரு திருப்தி. அதைக் காட்டி அவளிடம் சண்டை போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மெமரியில் எண்களே இல்லை. பரிசோதனை செய்வதையே நிறுத்திவிட்டாள்.

உண்மை தெரிய வேண்டும் என்று நான் எடுத்த முயற்சி, இருந்த கொஞ்சம் உண்மையையும் இல்லாமல் ஆக்கியது. இப்படி உதவி தடம் மாறிப் போவதைப் பற்றி பார்பரா ஆண்டர்சன், ஜேம்ஸ் காய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் எழுதினார்கள். அவர்கள் எழுதியது நீண்டநாள் நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றி. உதவ வருகிறவருக்கு நல்ல முடிவு வேண்டும். அது வராதபோது கோபம் வருகிறது. கோபத்தைப் பார்த்து நோயுள்ளவர் ஒளிக்கிறார் அல்லது முரண்டு பிடிக்கிறார். அதைப் பார்த்துக் கோபம் இன்னும் ஏறுகிறது. கொஞ்ச நாளில் நோயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். யார் ஜெயிப்பது என்பது மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: “நான் என்ன செய்தால் உனக்கு உதவி, எது தொந்தரவு?” சங்கடமான கேள்விதான். பதில் உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். என் மனைவி கேட்டபோது நான் சொன்னது: “ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவைக்க ஞாபகப்படுத்து, போதும். தட்டைப் பார்க்காதே.” தட்டைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

காலையில் வெறும் வயிற்றில் 180. ராத்திரி ஏதாவது தின்றிருப்பார்தானே?

தின்றிருக்கலாம். தின்னாமலும் இருந்திருக்கலாம். விடியற்காலையில், சுமார் 3 மணியிலிருந்து 8 மணிக்குள், கார்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை உடலில் ஏறுகின்றன. எழுந்து நடமாடத் தேவையான சக்திக்காகக் கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சரியாகச் சுரப்பவருக்கு அது சமன்பட்டுவிடும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அப்படியே ஏறி நிற்கும். ராத்திரி படுக்கும்போது இருந்ததைவிடக் காலை அளவு அதிகமாக இருப்பதற்கு இதுவே போதும்.

சளி, காய்ச்சல், பல்வலி, சரியாகத் தூங்காதது, மனக்கவலை, ஸ்டீராய்டு மருந்து என்று வாயில் ஒன்றும் போடாமலே சுகரை ஏற்றுகிற காரணங்கள் இன்னும் இருக்கின்றன. முதல் நாள் ராத்திரி போட்ட சண்டையும் ஏற்றும். அது யார் கணக்கில் சேரும் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒருநாள் எனக்கு 290 காட்டியது. மனைவி வாயைத் திறக்கவில்லை, ஆனால் பாத்திரம் வைக்கும் சத்தம் மாறியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: மகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்தேனே தவிர கழுவவில்லை. சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினால் 151. விரல் நுனியில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் அந்த 139ஐக் கூட்டியிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெரிய எண் வந்தால் முதல் கேள்வி “கை கழுவினீங்களா?” என்பது. கோபத்துக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது.

‘கன்ட்ரோல்ல இல்ல’ என்று சொல்வதில் என்ன தப்பு? டாக்டரே அப்படித்தான் சொல்கிறார்.

டாக்டர்களிடமும் இதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அங்குள்ள நீரிழிவுக் கல்வியாளர் சங்கமும் 2017இல் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. தீர்ப்புச் சொல்கிற, பழி சுமத்துகிற சொற்களைத் தவிர்க்கச் சொன்னது அது. நோயாளி என்பதைவிட நோய் உள்ளவர், கட்டுப்பாடு இல்லை என்பதைவிட ‘அளவு கூட இருக்கிறது’ என்று நேராகச் சொல்வது. சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ‘நல்ல சுகர், கெட்ட சுகர்’ என்று பேசுகிற வீட்டில் எண்ணை மறைக்கத் தோன்றும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 180 என்பது ஒரு தகவல். அதைப் பரீட்சை மார்க் மாதிரி வாசித்தால் எதிரில் இருப்பவர் பள்ளிக்கூடப் பிள்ளை ஆகிவிடுவார்.

ஒளித்துவைத்துத் தின்கிறார். இனிப்பையெல்லாம் பூட்டி வைக்கலாமா?

பூட்டிப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. இன்சுலின் வருவதற்கு முன், 1910களில், ஃபிரெடரிக் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் பட்டினி வைத்தியம் செய்துவந்தார். உணவை மிகக் குறைத்துவிட்டால் கொஞ்ச காலம் கூடுதலாக உயிரோடு இருக்கலாம். அன்றைக்கு வேறு வழியும் இல்லை. அவரிடம் சிகிச்சையில் இருந்த 12 வயதுப் பையன் ஒருவனுக்குப் பார்வையும் போயிருந்தது. சாப்பாட்டைக் கண்ணும் கருத்துமாகக் கட்டுப்படுத்தியும் சுகர் இறங்கவில்லை. எப்படி என்று துருவிப் பார்த்தபோது, பையன் பற்பசையையும் கூண்டுப் பறவைக்கு வைத்திருந்த தானியத்தையும் தின்றிருக்கிறான்.

பசியும் ஆசையும் பூட்டுக்கு அடங்காது. இன்றைக்கு நம்மிடம் மருந்து இருக்கிறது. இனிப்பு வாழ்நாளெல்லாம் விலக்கு என்ற நிலையும் இல்லை. எவ்வளவு, எப்போது, அதற்கு ஈடாக எதைக் குறைப்பது என்று டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளலாம். உங்கள் முன்னால் ஒரு துண்டு சாப்பிட முடிகிறவர் பின்னால் போய் நான்கு துண்டு சாப்பிட மாட்டார். என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒளித்துத் தின்பது ரொம்ப அதிகமாக, நிறுத்தவே முடியாத மாதிரி, அப்புறம் குற்ற உணர்ச்சியில் உழல்கிற மாதிரி இருந்தால் அது வேறு. அதை வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் பேச வேண்டும்.

அவருக்குத் தனிச் சமையல் செய்வதா?

வேண்டாம். தனிப் பாத்திரம் வைத்த நாளிலிருந்து அவர் தனி ஆள். அவருக்குச் சொல்கிற உணவு, அதாவது காய்கறி கூட, மாவுச்சத்து அளவோடு, பொரித்தது குறைவாக, எல்லோருக்குமே நல்லதுதான். ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: கணவன் மனைவியில் ஒருவருக்கு டைப் 2 இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் கூடுதல் என்று 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்டார்கள். ரத்த சம்பந்தம் இல்லாமலே! ஒரே சமையலறை, ஒரே சோபா.

பிள்ளைகளுக்கும் வருமா?

டைப் 2 என்றால் வாய்ப்பு கூடுதல்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாழ்நாளில் சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் 70 சதவீதம் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். பயப்படுவதற்கு முன் இன்னொரு எண்ணையும் கேளுங்கள். சுகர் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த தடுப்பு ஆய்வு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது என்ற இலக்கோடு வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்குச் சுகர் வருவது 58 சதவீதம் குறைந்தது.

கர்ப்ப காலத்தில் மட்டும் சுகர் வந்து போன பெண்களை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. குழந்தை பிறந்தபின் தாய்க்கும் பரிசோதனை உண்டா என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

சில நேரம் காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறார். குணமே மாறிவிட்டதா?

இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் என்றால் முதலில் சுகர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 70 மி.கி.க்குக் கீழே போனால் லோ. 54க்குக் கீழே போனால் மூளைக்கே குளுக்கோஸ் பற்றாது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி வரும். அதோடு எரிச்சலும் பிடிவாதமும் குழப்பமும் வரும். குடித்தவர் மாதிரி பேசுவதும் உண்டு. அந்த நேரத்தில் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சாதிப்பது இதன் கூடப்பிறந்த அறிகுறி. வருடக்கணக்காக நோய் இருப்பவர்களில் சிலருக்கு வியர்வை, நடுக்கம் எதுவும் வராமலே இறங்கும். அவர்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை மணியே கூட இருப்பவர்தான்.

எங்கள் வீட்டுக் கதை: ஒரு சாயங்காலம், டிவி ரிமோட் எங்கே என்பதில் ஆரம்பித்து மனைவியின் அண்ணன் வரை திட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவள் என் நெற்றியைப் பார்த்திருக்கிறாள். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேர்த்து வழிகிறது. மீட்டரில் 52. பழச்சாறு குடித்து இருபது நிமிடம் கழித்துத்தான் எனக்கு வெட்கமே வந்தது.

பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டோம். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் “சுகர் லோவா?” என்று அவள் கேட்கக் கூடாது. ஏனென்றால் நியாயமான கோபத்துக்கும் அதே பதில் வந்தால், எனக்குச் சொந்தமாகக் கோபப்படும் உரிமையே போய்விடுகிறது. அதற்குப் பதில் டம்ளரை நீட்டி, “முதல்ல இதைக் குடிங்க, அப்புறம் சண்டையைத் தொடரலாம்” என்பாள். நானும் வாதாடாமல் குடிக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தை இருவரும் நிதானமாக இருந்த ஒரு காலை நேரத்தில் போட்டோம். லோவில் இருப்பவரிடம் எந்தப் பேச்சுவார்த்தையும் எடுபடாது.

லோ ஆனால் சரியாக என்ன கொடுப்பது?

சுமார் 15 கிராம் வேகமான சர்க்கரை: அரை கப் பழச்சாறு, அல்லது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அல்லது மூன்று நான்கு குளுக்கோஸ் மாத்திரை. 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. ஏறவில்லையென்றால் மறுபடி 15 கிராம். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரண சர்க்கரை வேலைசெய்ய நேரமாகும், குளுக்கோஸாகவே கொடுங்கள்.

மயங்கிவிட்டால், விழுங்க முடியாவிட்டால், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறும். பக்கவாட்டில் படுக்கவைத்து ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். சுகரை ஏற்றும் குளுக்ககான் மருந்து, ஊசியாகவோ மூக்கில் அடிக்கும் பொடியாகவோ வீட்டில் இருந்தால் அதைக் கொடுங்கள். எப்படிக் கொடுப்பது என்று முன்பே பழகியிருக்க வேண்டும். டப்பாவில் உள்ள தாளை அந்த நேரத்தில் படிக்க முடியாது. இன்சுலினைப் போடவே கூடாது. பதற்றத்தில் ‘சுகர்க்காரர் மயங்கிவிட்டார், ஊசி போடு’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு.

“எல்லாம் சலிச்சுப் போச்சு” என்கிறார். சோம்பலா, மனச்சோர்வா?

இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாயையும் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு நாளும் குத்திக்கொண்டு, இவ்வளவும் செய்து கண், கிட்னி என்னாகுமோ என்ற பயத்தோடும் இருப்பதில் வருகிற களைப்பு. இதற்கு லீவு கிடையாது. பொலோன்ஸ்கியும் கூட இருந்தவர்களும் 1995இல் இதை அளக்க ஒரு கேள்விப் படிவமே வெளியிட்டார்கள். பின்னால் வந்த 17 கேள்விப் படிவம் ஒன்று இந்தப் பாரத்தை நான்காகப் பிரிக்கிறது. அதில் ஒன்று முழுக்க உறவுகளைப் பற்றியது: வீட்டாரும் நண்பர்களும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்கிறார்களா, நான் செய்வதற்குத் துணை நிற்கிறார்களா என்பது. ஆக, களைப்பில் ஒரு பங்கை நாமே தருகிறோம். நாமே குறைக்கவும் முடியும்.

எப்படிக் குறைப்பது? ஒரு நாள் கணக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை தீர்ந்ததா, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்கிறதா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது என்ற யோசனைகளை அவர் தலையிலிருந்து எடுத்துவிட்டாலே மூச்சு வாங்க இடம் கிடைக்கும். ஆறுதல் வார்த்தையைவிட இது மேல்.

மனச்சோர்வு நோய் தனி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, ‘நான் இருந்து என்ன’ என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

கணவன் மனைவிக்குள் நெருக்கம் குறைந்துவிட்டது. இதை யாரிடம் கேட்பது?

டாக்டரிடம்தான். சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு வருகிறது; ரத்தக் குழாயும் நரம்பும் பாதிக்கப்படுவதால் வருவது. பெண்களுக்கு வறட்சி, தொற்று, ஆர்வம் குறைதல். இதைச் சொல்லாமல் இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? அவர் வெட்கத்தில் தள்ளிப் படுப்பார். மனைவி ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் தப்பான காரணத்துக்கு அழுவார்கள். மருந்து இருக்கிற பிரச்சினை இது. இதய ரத்தக் குழாய் நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதால் மறைப்பது ஆபத்தும்கூட.

குழந்தைக்கு டைப் 1. நாங்கள் செய்த தப்பா?

இல்லை. உடலின் தற்காப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது. மிட்டாய் கொடுத்ததால் வரவில்லை. இதை அப்பா அம்மா இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் மனதுக்குள் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளையின் பெற்றோருக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இப்போது வேலை ஏராளம்: அளவு கணக்கிட, ஊசி போட, நடுராத்திரி எழுந்து சுகர் பார்க்க. பெரும்பாலும் எல்லாம் அம்மா தலையில் விழும். ஊசி போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால் அவர் காய்ச்சலில் படுக்கக்கூட முடியாது. அப்பாவுக்கும் தெரியட்டும், சித்திக்கோ மாமாவுக்கோ தெரியட்டும், பள்ளியில் ஓர் ஆசிரியருக்கும் தெரியட்டும்.

கூடப்பிறந்த பிள்ளையையும் பாருங்கள். அவனுக்கு நோய் இல்லை என்பதால் அவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. ‘எனக்கும் சுகர் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்’ என்று ஒரு பையன் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

மகளுக்கு 15 வயது. முன்பு அழகாகப் பார்த்துக்கொண்டாள், இப்போது பொய் சொல்கிறாள்.

பருவ வயதில் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கின்றன. போன வருடம் போதுமாக இருந்த அளவு இந்த வருடம் போதாது. அவள் எதுவும் மாற்றாமலே அளவு ஏறியிருக்கலாம். அதற்கும் திட்டு வாங்கினால் பொய் சொல்வாள். நாமாக இருந்தாலும் சொல்வோம்.

அதற்காக ‘பெரியவளாகிவிட்டாய், நீயே பார்த்துக்கொள்’ என்று ஒரேயடியாக விட்டுவிடுவதும் ஆகாது. பொறுப்பைச் சீக்கிரமே முழுதாக இறக்கிவைத்த வீடுகளில் சுகர் மோசமாகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடுவில் ஒரு வழி: ஊசி அவள் போடட்டும், கணக்கை நாளுக்கு ஒருமுறை சேர்ந்து பாருங்கள். 280 என்றால், “சரி, 280. இப்ப என்ன பண்ணணும்?” அவ்வளவுதான். ‘ஏன்’ என்பதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

உடம்பில் ஒட்டியபடியே சுகரைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் கருவி மாட்டியிருந்தால் அவள் சுகர் நிமிடத்துக்கு நிமிடம் உங்கள் போனில் தெரியும். ராத்திரி தூங்க உதவும், உண்மைதான். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு ‘ஏன் ஏறுது’ என்று மெசேஜ் அனுப்புவதற்காக அந்தக் கருவி இல்லை. எந்த எண் வந்தால் அம்மா கூப்பிடலாம் என்று அவளோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். அப்புறம் ஒன்று: எடை திடீரென்று குறைந்து, சுகரின் மூன்று மாத சராசரி ஏறிக்கொண்டே போனால், மெலிவதற்காக ஊசியை வேண்டுமென்றே விடுகிறாளா என்று டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். அது உயிருக்கே ஆபத்து.

வயதான அப்பாவுக்கு எவ்வளவு கண்டிப்பாக இருப்பது?

இங்கே கண்டிப்புதான் ஆபத்து. மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி பலருக்கும் 7க்குள் இருக்கச் சொல்வார்கள். பல நோய்கள் உள்ள, தளர்ந்த முதியவருக்கு 8 வரை டாக்டர்களே விட்டுப்பிடிப்பார்கள். காரணம், லோ ஆகி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதிலிருந்து எழுவது கடினம். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் மாத்திரை மட்டும் தவறாமல் கொடுத்துவிட்டோம் என்பது பெருமைப்படும் விஷயமில்லை. அதுதான் லோ வரும் வழி. மறந்துபோய் இரண்டாவது தடவை மாத்திரை போடுவதும் நடக்கும். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி வாங்கி வாரம் ஒருமுறை நிரப்பிவிடுங்கள். “மாத்திரை போட்டீங்களா அப்பா?” என்று கேட்க வேண்டாம். பெட்டியைப் பார்த்தால் தெரியும்.

இன்சுலினை நிறுத்து, அது பழகிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

டைப் 1இல் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. டைப் 2இல் வருடங்கள் போகப்போகக் கணையம் தளர்வதால் ஊசி தேவைப்படலாம்; அது கடைசிக் கட்டமும் இல்லை, தோல்வியும் இல்லை. இப்படிச் சொல்பவரிடம் வாதாடும் வேலையை நோயுள்ளவரிடம் விடாதீர்கள். “டாக்டர் பார்த்துக்கிறார், விடுங்க” என்று சொல்ல வீட்டில் ஒருவர் போதும்.

கவனித்துக்கவனித்து நானே ஓய்ந்துவிட்டேன். சொன்னால் சுயநலமா?

டான் 2இல் மூன்றில் ஒரு பங்குக் குடும்பத்தார் இதைப் பாரமாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சுயநலக்காரர்களா? இரண்டு மணி நேரம் வேறொருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் வெளியே போய்வாருங்கள். அவருடைய எண்ணுக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை என்பதையும் அவ்வப்போது உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். என் மனைவியிடம் நான் இதை எத்தனையோ தடவை சொல்லியும் அவள் ஏற்கவில்லை. அவளுடைய டாக்டர் சொன்னபோதுதான் கேட்டாள்.

குடும்பம் என்று யாரும் இல்லாதவர்?

பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர், நண்பர் யாராவது ஒருவருக்கு மூன்று விஷயம் தெரிந்திருந்தால் போதும்: உங்களுக்குச் சுகர் இருக்கிறது, லோ ஆனால் எப்படி இருப்பீர்கள், சர்க்கரை எங்கே வைத்திருக்கிறீர்கள். அதே நோய் உள்ள இன்னொருவருடைய நட்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அவரிடம் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். இன்றைக்கே செய்கிறேன்.

பாதத்தைப் பாருங்கள். நரம்பு மரத்துப்போனவருக்குக் காயம் பட்டாலே தெரியாது. தெரியாத காயம்தான் புண்ணாகி விரலை, காலை எடுக்கும் வரை போகிறது. குனிய முடியாதவருக்கும் பார்வை மங்கியவருக்கும் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க வழியில்லை. போலீஸ் வேலை துளியும் கலக்காத உதவி இது. வெளிச்சத்தில் உட்காரவைத்து உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு என்று பார்த்து, சிவப்போ கொப்புளமோ வெடிப்போ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். செருப்பு, ஷூவுக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு இது நடக்கும். போன மாதம் என் இடது ஷூவிலிருந்து மனைவி ஒரு சட்டைப் பட்டனை எடுத்தாள். அன்றைக்கு முழுவதும் அதன் மேலேயே நடந்திருக்கிறேன், உறைக்கவே இல்லை. பாதத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. நான்கு ஓட்டைகூடப் பதிந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல், ஊசியும் நூலும் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சட்டை என்று தேட ஆரம்பித்தாள்.